வேறு இலை தின்னாத வண்டு

சிவமயம்

ஸ்பிரிங்வேல்,
மெல்பேர்ண்.
20.08.1978

அன்புள்ள மகன் ஆனந்தராஜாவுக்கு அப்பா எழுதும் கடிதம்.

நீ எழுதும்வரை நான் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். பொங்கலுக்கு நீ அனுப்பிய அட்டையில் உன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கையெழுத்துக்கு என்ன பதில் எழுதுவது? அதோடு உன் கொம்பனியின் கலண்டர் ஒன்றும் வந்தது. கோதுமை வயலுக்கு மேலே விமானம் ஒன்று பூச்சிமருந்து தூவிக்கொண்டு போகிற படம். யோகா அதைக் குசினியில் மாட்டினாள். நான் கழற்றிப் படமும் திகதியும் சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டிவிட்டேன். அதனால் இந்த வருடம் எங்கள் குசினியில் திகதி கிடையாது. உன் தங்கை ஏசிக்கொண்டே அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொள்கிறாள்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. வரதராஜன் மாப்பிள்ளை கார் மாற்றியிருக்கிறார். பழைய கார்தான், ஆனால் கதவுகள் நான்கும் திறக்கின்றன. கடைத்தெருவில் வியட்நாமிலிருந்து வந்த குடும்பம் ஒன்று காய்கறிக் கடை போட்டிருக்கிறது. பாகற்காய் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்காரருக்கும் ஆங்கிலம் போதாது, எனக்கும் விலை பேசப் பொறுமை போதாது. இருவரும் தலையை ஆட்டிக்கொள்வோம். அம்மா இருந்திருந்தால் ஒரு வாரத்தில் அவர்களுக்குத் தமிழ் பழக்கியிருப்பாள். என் கால் சற்று வீங்கியிருக்கிறது. நாளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அது பெரிய விஷயமில்லை.

எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. போன ஞாயிறு நீ யோகாவோடு ரெலிபோனில் பேசினாய். எனக்குக் காது மந்தம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்க வேண்டாம் என்று அவள் நினைப்பதெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்கும். ரெலிபோனை வைத்ததும் கேட்டேன். முதலில் மழுப்பினாள். சாப்பிட மாட்டேன் என்ற பிறகு சொன்னாள்.

உன் பழைய ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் பெல் உனக்கு எழுதியிருக்கிறாராம். களை தின்னும் அந்த வண்டை ஸ்பெயினிலிருந்து மறுபடி கொண்டுவர அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதாம். பூச்சி வளர்க்கும் அறையை நீயே பொறுப்பெடுக்க வேண்டுமென்று அவர் கேட்கிறாராம். செப்டெம்பர் முடிவதற்குள் பதில் வேண்டுமாம். நீ மாட்டேன் என்று சொல்லப்போகிறாயாம்.

காரணத்தையும் யோகா உன் வாயால் சொன்னபடியே சொன்னாள். "அப்பாவுக்கு ஏதும் நடந்தால் திரும்பவும் ஒரு மாதம் வீட்டுக்குள்ள குந்தியிருக்க வேணும். இன்னொருக்கா அதுகளைப் பட்டினி போட்டுக் கொல்ல என்னால ஏலாது. சிட்னியில இருந்தால் மருந்துப் போத்தல்தானே, அது பசிக்குதெண்டு கேக்காது."

ஆனந்தா, பெற்ற தகப்பனின் சாவை விடுமுறைக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் ஒரே மகன் நீயாகத்தான் இருப்பாய். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பது என்னவென்றால், அம்மா செத்த வீட்டில் அப்பா கதவைப் பூட்டி வைத்திருந்தார் என்று. பூட்டவில்லை. கதிரையைக் கதவடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான். கதவு திறந்தேதான் இருந்தது, அந்த வெயிலில் திறக்காமல் இருக்க முடியாது. முப்பது வயது கடந்த ஆம்பிளை நீ. என்னைத் தாண்டிப் போக உனக்குக் கால் இல்லையா? கிழவனைக் கதிரையோடு தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நான் ஏசியிருப்பேன். ஏசினால் என்ன, நான் ஏசாத நாள் எது? நீ போகவில்லை. முற்றத்துக்கு வந்து நின்றாய், என் முகத்தைப் பார்த்தாய், திரும்பி உள்ளே போனாய். அது என் பிழையா?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிலஅளவைக் கந்தோரில் சங்கிலி பிடிக்கப் போனேன். படம் கீறுகிறவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கீறப் பழகினேன். ஆங்கிலமும் அப்படி, சமஸ்கிருதமும் அப்படி. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித்தர ஆள் இல்லாதவனுக்குப் புத்தகம்தான் ஆள். புத்தகத்தில் உள்ளதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துதான் நான் மனிதர் முன் நின்றேன். அம்மா போன நேரத்தில் இந்த மெல்பேர்ணில் ஒரு குருக்கள் இருந்தாரா? கோயில் இருந்ததா? புத்தகத்தை வைத்துக்கொண்டு நான்தானே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். கொள்ளி வைக்கக்கூட வழியில்லாமல் நீ ஒரு பொத்தானை அழுத்தினாய். இரும்புக் கதவு மூடிக்கொண்டது. அதைப் பார்த்தபோது, இனி இருக்கிறதையாவது குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கொள்ளி வைத்தவன் வாசல் தாண்டக்கூடாது என்றால் தாண்டக்கூடாது.

உன் வேலை எனக்கு விளங்காது என்று மட்டும் சொல்லாதே. உன் ஆராய்ச்சிப் புத்தகத்தில் உள்ள வண்டுகள் எல்லாம் யார் கீறியது? வாடகை வீட்டின் குசினி மேசையில், நீ கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நான் கீறினேன். முதல் படத்தில் கால்களை வடிவாக, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கீறியிருந்தேன். நீ கிழித்துப் போட்டாய். "நினைக்கிறதைக் கீறாதேங்கோ அப்பா, தெரியிறதைக் கீறுங்கோ. அதுக்கு ஒரு கால் முறிஞ்சிருக்கு, முறிஞ்ச காலைக் கீறுங்கோ" என்றாய். எனக்கு ஆத்திரம். ஆனாலும் முறிந்த காலைக் கீறினேன். புத்தகம் வந்தபோது கடைசிப் பக்கத்தில் படங்களுக்காக திரு. அ. மகாதேவனுக்கு நன்றி என்று போட்டிருந்தாய். திருவாம். அப்பா என்று போட்டால் உன் பட்டம் குறைந்து போயிருக்குமோ? அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. வண்டுக் கூடுகளுக்கு மல் துணியில் கைப்பை தைத்துத் தந்தாள். கையை உள்ளே விட்டால் ஒரு வண்டும் வெளியே வராதபடி இழுத்துக் கட்டும் பை. அந்த அறைக்குள் அவளை விட மாட்டார்கள். வெளிநாட்டுப் பூச்சி தப்பினால் நாட்டுக்கே கேடு, இரட்டைக் கதவு, கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர யாரும் போகக்கூடாது என்று நீ சொல்லியிருந்தாய். ஆகவே அவள் வெளியே காரில் இருந்துகொண்டு, பை பொருந்தியதா என்று நீ வந்து சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வண்டைப் பற்றி நீ சாப்பாட்டு மேசையில் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். செம்மறி மேயும் நிலமெல்லாம் மஞ்சள் பூப் பூக்கிற முள்ளுக்களை பரவிவிட்டது, மருந்தடித்தால் களையோடு மண்ணும் சாகிறது, ஆனால் அந்தக் களை பிறந்த ஊரில் அதைத் தின்று அடக்கி வைக்கிற வண்டு ஒன்று இருக்கிறது என்றாய். அது இங்கே வந்து கோதுமையைத் தின்னாதென்று என்ன நிச்சயம் என்று கேட்டேன். கோதுமை, அவரை, திராட்சை, எல்லா இலையும் முன்னால் வைத்துச் சோதித்தாயாம். பக்கத்தில் போய் முகர்ந்துவிட்டு ஒதுங்கி இருந்ததாம். "பட்டினி கிடந்து சாகுமே தவிர வேறு இலையைக் கடிக்காதப்பா" என்றாய். உடனே அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, உங்களை மாதிரியே ஒரு பூச்சியை மகன் தேடிப் பிடிச்சிருக்கிறான்" என்றாள். நீயும் யோகாவும் சிரித்த சிரிப்பில் நானும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த மேசையில் நால்வரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன். 1976 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள், அவள் போய்விட்டாள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததையும் நீ கேள். ஊர் முழுக்க விடுமுறை. டாக்டர் பெல் தன் தாயைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட்ட மற்ற ஆள் நீதான். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் என் முன்னால் வந்து நின்றாய். "ஒருக்காப் போட்டு ஓடி வாறன் அப்பா. இலையை மாத்திப்போட்டு வந்திடுவன். ஒரு கிழமைக்கெண்டு சட்டியில விட்ட செடியை இப்ப திண்டு முடிச்சிருக்கும், இந்த வெக்கையில இலை அரை நாள்கூடத் தாங்காது" என்றாய். நான் என்ன சொன்னேன்? வெற்றிலைத் தோட்டத்துக்குள் துடக்கோடு, செத்தவீட்டுத் தீட்டோடு, எங்கள் ஊரில் யாரும் கால் வைப்பார்களா? வைத்தால் கொடி கருகும். அது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். "துடக்குக் கையோட தொட்டியெண்டால் எல்லாம் கருகிப்போகும், உன்ர வருசக்கணக்கான பாடு வீணாய்ப் போகும்" என்றேன். நீ சொன்னாய், "தொடாட்டிச் செத்துப்போகும் அப்பா."

நான் உன் வண்டுகளைக் கொல்ல நினைத்தவன் இல்லை. காப்பாற்ற நினைத்துத்தான் மறித்தேன். அதை நீ இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

வேறு ஆளை அறைக்குள் அனுப்ப நீ ரெலிபோனில் கேட்டதும் தெரியும். விடுமுறை முடிந்தபின் எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார்களாம். சட்டம் உன் கந்தோருக்கு உண்டென்றால் என் வீட்டுக்கும் உண்டு. உன் கந்தோரோடு உனக்குக் கோபமில்லை. என்னோடு மட்டும் கோபம்.

அந்தியேட்டியன்று கேரம் கடலில் சாம்பலைக் கரைத்தோம். ஈர வேட்டியோடேயே நீ காரை எடுத்துக்கொண்டு போனாய். பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தாய். கையில் அம்மா தைத்த பைகள் மட்டும் இருந்தன. அவற்றைப் பின்கதவடியில் வைத்துவிட்டுக் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாய். இரண்டாம் முறையும் சோறு கேட்டாய். நீ சாப்பிட்டதைப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன். மறுநாள் யோகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எல்லாம் காய்ந்த இலைகளின் மேலேயே கிடந்தனவாம். தண்ணீர்த் தட்டில் வைத்த கோதுமை நாற்றுச் சட்டிகள் அதே கூட்டுக்குள் பச்சையாக இருந்தனவாம். ஒன்றுகூட அதைக் கடித்திருக்கவில்லையாம்.

டாக்டர் பெல் வந்து துக்கம் விசாரித்தார். என்னிடம் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அனுமதியை நிறுத்தினார்கள், வேலையைப் புதுப்பிக்கவில்லை. உனக்கு வேறு வழி இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் மருந்துக் கொம்பனிக்குத்தான் போக வேண்டுமா? மருந்து நல்லதையும் கெட்டதையும் சேர்த்துக் கொல்லும் என்று எனக்குச் சொல்லித்தந்தவன் நீ. விவசாயிகள் கூட்டத்தில் நின்றுகொண்டு இப்போது அதையே விற்கிறாய். என்னைத் தண்டிக்கத்தான் போனாய் என்று எனக்குத் தெரியும். தண்டி. நான் கேட்கவில்லை. ஆனால் அந்த மாதம் திரும்பி வந்தாலும் கதிரையை அதே இடத்தில்தான் போடுவேன் என்பதையும் தெரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை

மேலே உள்ளது ஞாயிறு எழுதியது. வாசித்துப் பார்த்தேன். எதையும் வெட்டவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் யோகாவோடு தனியாகப் பேசினார். காரில் வரும்போது அவள் பாகற்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். விலையை நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை அவசியமில்லாமல் எனக்குக் கம்பளிப் போர்வை வாங்கி வந்திருக்கிறார். இவர்கள் இருவருக்கும் பொய் சொல்லத் தெரியாது. நீ அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம். இன்று நாளை என்று இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மாதத்தில் ஒரு தடவை அம்மாவை எரித்த இடத்துக்கு நடந்து போய் வருவேன். போகும் வழியில் ரயில் பாதை ஓரமாக அந்த மஞ்சள் பூக் களை நிற்கிறது. இப்போது பூ இல்லை, இலைதான். கம்பி வேலிக்குள் கையை விட்டு ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். ஒரு கடி இல்லை, ஒரு துளை இல்லை. அவ்வளவு பச்சை. ஒருநாள் ரயில்வேக்காரன் ஒருவன் என்ன தேடுகிறாய் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். போன முறை கால் வீக்கத்தால் பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதைக் கவனமாக வாசி. உயிர்களுக்குத் தீனி போடும் பொறுப்பில் இருப்பவனுக்குத் துடக்கு உடனே கழியும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று என்னிடமுள்ள புத்தகம் எல்லாவற்றிலும் தேடினேன். ஊரில் ஈஸ்வரமூர்த்திக் குருக்களுக்கும் எழுதிக் கேட்டேன். அரசனுக்கு உண்டு, வைத்தியனுக்கு உண்டு, பூச்சி வளர்ப்பவனைப் பற்றி ஒன்றும் இல்லை என்று பதில் போட்டார். கடைசியில், இந்த வயதில் உமக்கு ஏன் இந்த விசாரம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புத்தகம் என்னைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே இதை நானாகவே சொல்கிறேன். எனக்காக நீ துடக்குக் காக்க வேண்டாம். பொத்தானை அழுத்து. வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார். யோகா தருவதைச் சாப்பிடு. அன்று பின்னேரமே போய் இலையை மாற்று. எட்டும் அந்தியேட்டியும் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், அவருக்கு முறையை எழுதி வைக்கிறேன். சாம்பல் காத்திருக்கும், அதற்குப் பசியில்லை. யாராவது கேட்டால், அப்பா சொல்லிப்போட்டுப் போனவர் என்று சொல். அதற்கு மேலும் கேட்டால், அவர் ஆரின்ர சொல்லையும் கேட்டு நடந்தவரில்லை என்று சொல். நம்புவார்கள்.

அம்மா தைத்த பைகள் என்னிடம்தான் இருக்கின்றன. நீ வைத்துவிட்டுப் போனதை எடுத்துக் கழுவி மடித்து வைத்திருந்தேன். ஒன்றில் மட்டும் தையல் விட்டிருந்தது, யோகா மூட்டிவிட்டாள். இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்பவில்லை. வந்து எடுத்துக்கொண்டு போ.

டாக்டர் பெல்லுக்கு இந்த வாரமே எழுது. ஸ்பெயினிலிருந்து வண்டுகள் வந்ததும், செத்துப்போவதில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து காட்டு. என் கை நடுங்குகிறது, ஆனாலும் கீறலாம். கால் முறிந்திருந்தால் முறிந்தபடியே கீறித் தருவேன். திரு என்று போடுவதென்றாலும் போடு.

கதவடிக் கதிரையை மாப்பிள்ளை மூலம் பின்வளவுக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று. நான் இப்போது வெயிலுக்கு அங்கேதான் இருக்கிறேன்.

சுகமாக இரு மகனே. உன் கை பட்டு எதுவும் கருகாது. இது புத்தகத்தில் இல்லை. நான் சொல்கிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
அ. மகாதேவன்